உளுந்தில் மஞ்சள் தேமல்: செல்லின் உட்கருவுக்குள் நடப்பது என்ன?

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தில், கீழ்ப்பழனி மலையை அடுத்த சமவெளியில் உள்ள ஊர் சித்தையன்கோட்டை. நெல், தென்னை, வாழை, காய்கறி எனப் பலவும் பயிராகும் இத்தகைய பகுதிகளில் உளுந்துக்கும் ஓர் இடம் உண்டு. தண்ணீர் குறைவாகப் போதும். எழுபது நாட்களில் மணி வீட்டுக்கு வரும். வேர் முடிச்சுகளின் மூலம் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். நெல்லுக்குப் பின் நிலத்தைச் சும்மா போட மனமில்லாத உழவருக்கு உளுந்து நல்ல துணை.

இந்தப் பகுதியில் ஓர் உழவர் தைப்பட்டத்தில் ஓர் ஏக்கர் உளுந்து விதைத்திருப்பதாக வைத்துக் கொள்வோம். பயிர் ஒரே சீராக முளைத்து, கண்ணுக்குக் குளிர்ச்சியாக வளர்கிறது. இருபத்தைந்தாம் நாள் வரப்பில் நடந்து வருகையில், இரண்டு மூன்று செடிகளின் தளிர் இலைகளில் சிறு மஞ்சள் புள்ளிகள் தெரிகின்றன. மருந்துக் கடைக்குப் போய் விவரம் சொல்கிறார். பூசண மருந்து ஒன்றும், நுண்ணூட்டக் கலவை ஒன்றும் வாங்கி வந்து தெளிக்கிறார். பத்து நாள் கழித்துப் பார்த்தால் பாதி வயல் மஞ்சளாகக் கிடக்கிறது. "அண்ணே, அந்த மருந்து கேக்கல. வேற நல்ல மருந்தாக் குடுங்க" என்று மீண்டும் கடைக்குப் போகிறார்.

மருந்தின் தரத்தில் குறை இல்லாமல் இருக்கலாம். அந்த நோய்க்கு அது மருந்தே அன்று. பூச்சிக்கு மருந்து உண்டு, பூசணத்துக்கு மருந்து உண்டு. மஞ்சள் தேமலுக்கு மட்டும் ஏன் இல்லை? இந்தக் கேள்விக்கான விடை இலையின் மேற்பரப்பில் இல்லை. செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கும் உட்கருவில் இருக்கிறது. அங்கே நடப்பதைப் புரிந்து கொண்டால், எந்த நாளில் எதற்குச் செலவு செய்ய வேண்டும், எதற்குச் செய்யக் கூடாது என்பது தெளிவாகும்.

நோயும் அதன் அடையாளமும்

மஞ்சள் தேமல் நோய் நம் நாட்டில் பாசிப்பயறில் 1955-ல் டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழக வயல்களில் காணப்பட்டது. நாரியானி என்னும் ஆய்வாளர் 1960-ல் அதை நச்சுயிரி நோய் என்று வெளியிட்டார். உளுந்து, பாசிப்பயறு, சோயா மொச்சை முதலிய பயிர்களை இது தாக்குகிறது. நச்சுயிரியை ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்வது வெள்ளை ஈ.

முதலில் இளம் இலைகளில் சிறு மஞ்சள் புள்ளிகள் தோன்றும். பின்னர் அவை பெருகி, பச்சையும் மஞ்சளும் ஒழுங்கின்றிக் கலந்த திட்டுகளாகும். அடுத்து வரும் இலைகள் முழு மஞ்சளாகவே விரியும். பூவும் காயும் குறையும். காய்கள் சிறுத்து வளையும். இளம் பருவத்திலேயே நோய் தாக்கினால் மகசூல் முழுவதும் போய்விடுவதும் உண்டு.

இரும்புச்சத்துக் குறையினாலும் இளம் இலைகள் மஞ்சளாகும். ஆனால் அதில் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி ஒரே சீராக வெளுக்கும். பெரும்பாலும் நிலத்தின் ஒரு பகுதியில் உள்ள செடிகள் எல்லாமே அப்படி இருக்கும். தேமல் நோயில் திட்டுகள் ஒழுங்கின்றி இருக்கும். நல்ல செடிகளின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நோய்ச் செடி நிற்கும். இந்த வேறுபாட்டைக் கவனித்தாலே தேவையற்ற நுண்ணூட்டச் செலவு ஒன்று மிச்சமாகும்.

நச்சுயிரி என்பது எவ்வளவு?

மஞ்சள் தேமல் நச்சுயிரியின் ஒரு துகள் இரட்டை உருண்டை வடிவம் கொண்டது. ஒட்டிப் பிறந்த இரட்டையர் போல் இருப்பதால் இந்தக் குடும்பத்துக்கு 'ஜெமினி' நச்சுயிரிகள் என்று பெயர். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் இத்துகள்களை முப்பதாயிரத்துக்கும் மேலாக வரிசையாக அடுக்கி விடலாம்.

துகளின் உள்ளே இருப்பது வளையம் போன்ற டி.என்.ஏ. இழை. இந்த நச்சுயிரிக்கு அத்தகைய வளையங்கள் இரண்டு உண்டு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2,700 எழுத்துகள். இரண்டையும் சேர்த்தால் இந்தச் செய்தித்தாளில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். உளுந்துச் செடியின் மரபுச் செய்தியோ சுமார் 50 கோடி எழுத்துகள் கொண்டது. நச்சுயிரியின் இரு வளையங்களும் செய்யச் சொல்லும் புரதங்கள் எட்டு என்ற அளவில்தான் உள்ளன.

தானாக உண்ணவும், மூச்சு விடவும், பெருகவும் நச்சுயிரிக்கு வழியில்லை. டி.என்.ஏ.வைப் பெருக்கும் நொதியும் அதனிடம் இல்லை, டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியும் இல்லை. இரண்டுமே செடியின் உட்கருவுக்குள் இருக்கின்றன. ஆகவே இந்த நச்சுயிரி பிழைக்க வேண்டுமானால் உட்கருவுக்குள் போயே ஆக வேண்டும்.

உட்கருவும் வாய்க்கால் மடையும்

ஒரு செடியின் எல்லாச் செல்களிலும் ஒரே மரபுச் செய்திதான் இருக்கிறது. ஆனால் வேரின் செல் வேரின் வேலையைச் செய்கிறது. இலையின் செல் இலையின் வேலையைச் செய்கிறது. காரணம், எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு.

இதை வாய்க்கால் பாசனத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு மடை. எந்த மடையை எப்போது திறப்பது என்பது நீர்ப்பாய்ச்சிக்குத் தெரியும். மடை மூடியிருந்தால் வாய்க்கால் நிறைய நீர் இருந்தாலும் வயலுக்குப் பாயாது. உட்கருவில் ஓடும் தண்ணீர், படியெடுக்கும் நொதி. வயல்கள் என்பவை மரபணுக்கள். ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் 'ஊக்கி' எனப்படும் ஒரு டி.என்.ஏ. பகுதி மடை போல் அமைந்துள்ளது. அந்த இடத்தில் தக்க புரதங்கள் வந்து அமர்ந்தால் மடை திறக்கும். நொதி அங்கு வந்து, அந்த மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும். அந்தப் படி உட்கருவை விட்டு வெளியே சென்று புரதமாக உருவாகும். மரபணு செயல்படுகிறது என்று சொல்வதன் பொருள் இதுதான்.

நச்சுயிரி செய்வது, இந்த நீர்ப்பாய்ச்சியின் வேலையைக் கைப்பற்றுவது. செடியின் நொதியைக் கொண்டே தன் வயலுக்கு நீர் பாய்ச்சிக் கொள்கிறது.

முதல் வேலை: நின்று போன பட்டறையை ஓட்டுதல்

வெள்ளை ஈ இலையின் அடிப்புறத்தில் அமர்ந்து, ஊசி போன்ற வாயைச் சாறு செல்லும் குழாய்த் திசுவில் செருகி உறிஞ்சுகிறது. அப்போது நச்சுயிரி செல்லுக்குள் இறங்குகிறது. அதன் ஒற்றை இழை வளையம் உட்கருவை அடைந்ததும், செடியின் நொதியே அதற்கு ஓர் இணை இழை கட்டித் தருகிறது. இப்போது அது இரட்டை இழை வளையம். செடியின் சொந்த டி.என்.ஏ. போலவே தோற்றம், படியெடுக்க ஏற்ற நிலை.

அடுத்து அதற்கு ஓர் இடையூறு உண்டு. முதிர்ந்த செல்கள் பிரிவதை நிறுத்தி விட்டவை. டி.என்.ஏ.வைப் பெருக்கத் தேவையான புரதங்களை அவை செய்வதில்லை. அந்த மரபணுக்களின் மடைகளை ஒரு காவல் புரதம் மூடி வைத்திருக்கிறது. நச்சுயிரியின் முதல் புரதங்களுள் ஒன்றான 'ஏசி-1' இங்கே வேலையைத் தொடங்குகிறது. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த தக்காளி நச்சுயிரி ஒன்றை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில், இப்புரதம் காவல் புரதத்தோடு ஒட்டிக் கொள்வதும், அதனால் அடைபட்டிருந்த செடி மரபணுக்கள் மீண்டும் செயல்படுவதும் தெரிய வந்தன. மூடிக் கிடந்த பட்டறை நச்சுயிரிக்காக ஓடத் தொடங்குகிறது. வளையங்கள் நூற்றுக்கணக்கில் பெருகுகின்றன.

மனிதருக்கும் இதே குடும்பக் காவல் புரதம் உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பாப்பிலோமா நச்சுயிரியின் புரதம் ஒன்றும் அதையே பிடித்து முடக்குகிறது. இலையிலும் மனித உடலிலும் இரு வேறு நச்சுயிரிகள் ஒரே பூட்டை உடைக்கின்றன.

இரண்டாம் வேலை: மடையைத் திறக்கும் ஏசி-2

வளையங்கள் பெருகினால் மட்டும் போதாது. அவற்றை மூட உறைப் புரதம் வேண்டும். உறை இல்லாமல் வெள்ளை ஈயின் உடல் வழியே அடுத்த செடிக்குப் போக முடியாது. உட்கருவிலிருந்து வெளியேறி அடுத்த செல்லுக்கு நகர இடப்பெயர்ச்சிப் புரதங்களும் வேண்டும். இவற்றுக்கான மடைகளைத் திறப்பது 'ஏசி-2' என்னும் சிறு புரதம். 130-க்குச் சற்று மேற்பட்ட அமினோ அமிலங்களே கொண்டது இது.

இந்தக் குடும்ப நச்சுயிரிகளின் ஏசி-2 போன்ற புரதம், உறைப் புரத மரபணுவைப் படியெடுக்கும் நிலையிலேயே தூண்டி விடுகிறது என்பதை 1992-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சன்டரும் பிசாரோவும் வெளியிட்டனர். உளுந்தைத் தாக்கும் நச்சுயிரியில் இது எப்படி நடக்கிறது என்பது தமிழ்நாட்டிலேயே ஆராயப்பட்டது. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் கிடைத்த நச்சுயிரியை வைத்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கே. வேலுத்தம்பியின் குழுவினர், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரிலுள்ள தாமஸ் ஹோன் குழுவினருடன் இணைந்து பணியாற்றினர். அவர்களின் முடிவுகள் 2005-ல் வெளியாயின.

அம்முடிவுகளின்படி, இரண்டாம் வளையத்தில் இடப்புறமும் வலப்புறமும் செல்லும் இரு மரபணுக்களுக்கும் ஏசி-2-க்குக் கட்டுப்படும் ஒரே பொதுவான பகுதி இருக்கிறது. அங்கே திறந்தால் இரு வயலுக்கும் நீர் பாயும். முதல் வளையத்தில் உறைப் புரத மடையை ஏசி-1, ஏசி-2 இரண்டும் கூடித் திறக்கும்போது, தனித்தனியே திறப்பதை விடப் பன்மடங்கு வேகம் கிடைக்கிறது. ஏசி-1 புரதமோ தன் சொந்த மடையைத் தானே அடைத்தும் கொள்கிறது. வேண்டிய அளவு ஆனதும் நிறுத்தி, அந்த நீரை அடுத்த வயலுக்குத் திருப்பி விடும் கணக்கு இது. எட்டுப் புரதங்களை மட்டும் வைத்துக் கொண்டு இத்தனை முறை வைத்துப் பாசனம் நடக்கிறது!

ஏசி-2 புரதத்துக்கு மூன்று பகுதிகள் முக்கியம். ஒன்று, உட்கருவுக்குள் நுழைய அனுமதி தரும் முகவரிச் சீட்டுப் போன்ற பகுதி. இரண்டாவது, துத்தநாக அணுவைப் பிடித்துக் கொண்டு விரல் போல மடங்கிய பகுதி. மூன்றாவது, அமிலத்தன்மை கொண்ட வால். படியெடுக்கும் வேலையைத் தூண்டுவது இந்த வாலே. மூன்றில் எது பழுதானாலும் மடையைத் திறக்கும் வேலை கெட்டு விடுகிறது.

செடியின் அரிவாளை மழுக்குதல்

செடிக்கும் தற்காப்பு உண்டு. அந்நிய ஆர்.என்.ஏ. பெருகுவதைச் செடி அறிந்து கொண்டால், அதைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கும். அத்துண்டுகளை அடையாளமாகக் கொண்டு, அதே மாதிரியான ஆர்.என்.ஏ. எங்கே இருந்தாலும் தேடி வெட்டும். களையை அறிந்து களையை மட்டும் அறுக்கும் அரிவாள் போன்ற ஏற்பாடு இது.

இந்த அரிவாளையும் ஏசி-2 மழுங்கச் செய்கிறது. எப்படி என்பதை ஆராய்ந்த பாசெல் குழுவினர், அதே 2005-ல் ஒரு செய்தியை வெளியிட்டனர். ஏசி-2 நச்சுயிரியின் மரபணுக்களோடு நிற்பதில்லை; செடியின் சொந்த மரபணுக்களிலும் கை வைக்கிறது. ஆய்வுக்குப் பயன்படும் ஒரு கடுகுக் குடும்பச் செடியின் செல்களில் சோதித்தபோது, சுமார் 30 செடி மரபணுக்களின் செயல் இதனால் கூடியது. அவற்றுள் ஒன்றைத் தனியே எடுத்துச் சோதித்தால், அதுவே தற்காப்பு அரிவாளைத் தடுக்க வல்லதாக இருந்தது. செடி தன் தற்காப்பை அளவோடு வைத்துக் கொள்ளத் தானே வைத்திருக்கும் கட்டுப்பாடு அது என்பது அவர்கள் கருத்து. அதன் மடையை வேண்டாத நேரத்தில் திறந்து விட்டு, செடியின் கையாலேயே செடியின் அரிவாளை மழுக்கி விடுகிறது நச்சுயிரி.

மருந்து ஏன் கேட்பதில்லை?

இப்போது உழவரின் கேள்விக்கு விடை கூறலாம். பூசணக்கொல்லி வேலை செய்வது, பூசணத்தின் உறுப்புகளிலும் நொதிகளிலும். பூச்சிமருந்து பெரும்பாலும் பூச்சியின் நரம்பைத் தாக்கும். செடிக்கு நரம்பு மண்டலம் இல்லாததால் செடி தப்பிக்கிறது. ஆனால் மஞ்சள் தேமல் நச்சுயிரிக்குத் தனி உறுப்பு ஏதும் இல்லை. அதன் டி.என்.ஏ.வைப் பெருக்குவது செடியின் நொதி; படியெடுப்பது செடியின் நொதி; புரதம் செய்வது செடியின் பட்டறை. அவற்றை நிறுத்தும் மருந்தைத் தெளித்தால் நச்சுயிரிக்கு முன் செடியே நின்று போகும்.

மேலும், இலையில் மஞ்சள் புள்ளி தெரிவதற்கு ஒன்றிரண்டு வாரங்களுக்கு முன்பே ஈ கடித்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் புள்ளி நோயின் தொடக்கம் அன்று. உட்கருவில் முடிந்து போன வேலையின் கணக்கு. அந்தச் செடியைக் குணப்படுத்த இனி எந்தச் செலவும் பயன்படாது. பக்கத்துச் செடியைக் காப்பாற்றுவதற்கே பணமும் உழைப்பும் பயன்படும்.

மலை வாழை சொல்லும் பாடம்

இதே பாடத்தைத் திண்டுக்கல் மாவட்டம் ஏற்கெனவே பெரிய விலை கொடுத்துப் படித்திருக்கிறது. சித்தையன்கோட்டையை அடுத்த கீழ்ப்பழனி மலையில் பெயர் பெற்ற விருப்பாட்சி வாழை, முடிக்கொத்து நோயால் பெருமளவு அழிந்தது. அந்த நோயின் நச்சுயிரியும் டி.என்.ஏ. வளையங்களைக் கொண்டு உட்கருவுக்குள் பெருகுவதே. அதைப் பரப்புவது அசுவினி. அதன் புரதம் ஒன்றும் முன்னே சொன்ன காவல் புரதத்தைப் பிடித்துக் கொள்ளும் அமைப்புடையது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்டனர்.

நோய் கண்ட மரத்துக்கு மருந்து அடித்து மலை வாழையை மீட்க முடியவில்லை. நோய் மரங்களைக் கிழங்கோடு அகற்றியும், திசு வளர்ப்பு முறையில் உருவான நோயற்ற கன்றுகளை நட்டும், அசுவினியைக் கட்டுப்படுத்தியுமே மீட்பு வேலை நடந்தது. உளுந்துக்கும் பொருந்தும் வழி இதுவே. ஒரு வேறுபாடு: வாழைத் தோட்டத்தில் இழப்பு ஆண்டுக்கணக்கில் தொடரும், உளுந்தில் ஒரு பட்டத்தோடு முடியும். அடுத்த பட்டத்தில் திருத்திக் கொள்ள வாய்ப்பு உண்டு.

ஆராய்ச்சி காட்டும் நம்பிக்கை

மடை எது என்று தெரிந்தால் அதை அடைக்கவும் வழி தேடலாம். மதுரை, பாசெல் குழுவினர் 2003-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டனர். நச்சுயிரியின் ஊக்கிப் பகுதிக்கு எதிரான ஆர்.என்.ஏ.வைச் செய்யும் டி.என்.ஏ.வை நோய் கண்ட உளுந்துச் செடிகளின் இலைக்குள் செலுத்தியபோது, பெரும்பாலான செடிகள் நோயிலிருந்து மீண்டன. நச்சுயிரி மழுக்கும் அதே அரிவாளைத் தீட்டிக் கொடுக்கும் முறை இது. பின்னர், 2015-ல், ஏசி-2 மரபணுவையே குறிவைத்து மாற்றியமைத்த புகையிலைச் செடிகளில் நச்சுயிரியின் டி.என்.ஏ. சேருவது தடுக்கப்பட்டதை மதுரைக் குழுவினர் காட்டினர்.

இவை ஆய்வுக்கூடத்து வெற்றிகள். உழவர் வாங்கி விதைக்கும் விதையாக இவை இன்னும் வரவில்லை. ஆனால், நோயைத் தாங்கும் இயல்பை இயற்கையாகவே கொண்ட இரகங்கள் வந்துவிட்டன. இன்றைய தேவைக்கு அவையே கைகொடுக்கும்.

உழவர் செய்ய வேண்டியவை

1. இரகத் தேர்வு: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வம்பன் தேசியப் பயறு வகை ஆராய்ச்சி மையத்திலிருந்து வெளியான வம்பன் 6 (2011), வம்பன் 8 (2016) போன்ற, மஞ்சள் தேமலைத் தாங்கும் இரகங்களில் பட்டத்துக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சான்று பெற்ற விதையை வாங்குவது நலம். பெயர் தெரியாத கலப்பு விதையை மலிவு கருதி வாங்கினால், மிச்சப்படும் பணத்தைப் போல் பல மடங்கு மகசூலில் போகும்.

2. விதை எடுத்தல்: நோய் கண்ட செடியின் மணியை அடுத்த பட்டத்துக்கு விதையாக வைக்கக் கூடாது. அதைப் பருப்பாக்கிக் கொள்ளலாம்.

3. விதை நேர்த்தி: முதல் சில வாரங்கள் சாறு உறிஞ்சும் பூச்சிகளிடமிருந்து நாற்றைக் காக்கும் விதை நேர்த்தி பெரிதும் உதவும். எந்த மருந்து, எந்த அளவு என்பதை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுச் செய்ய வேண்டும்.

4. வரப்புப் பயிர்: வயலைச் சுற்றி இரண்டு வரிசை சோளம் அல்லது மக்காச்சோளம் விதைத்தால் பக்கத்து நிலத்திலிருந்து வரும் வெள்ளை ஈக்களுக்குத் தடுப்பாக இருக்கும். வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் உள்ள களைகளை விதைப்பதற்கு முன்பே அகற்ற வேண்டும்.

5. மஞ்சள் ஒட்டுப் பொறி: ஏக்கருக்கு ஐந்து பொறிகளைப் பயிரின் உயரத்துக்குச் சற்று மேலே கட்டலாம். இப்பொறி ஈக்களைப் பிடிப்பதோடு, ஈ எப்போது வருகிறது என்ற செய்தியையும் தரும். இலையைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

6. நோய்ச் செடியைப் பிடுங்குதல்: எல்லாவற்றிலும் மலிவான, ஆனால் பலர் செய்யத் தயங்கும் வேலை இது. விதைத்த முதல் மூன்று நான்கு வாரங்களில், ஒன்றுவிட்டு ஒரு நாள் வயலைச் சுற்றி வந்து, மஞ்சள் புள்ளி கண்ட செடியை வேரோடு பிடுங்கிப் புதைக்க வேண்டும். ஈக்கள் குறைவாக உள்ள காலை வேளையில், செடியை உலுக்காமல் பிடுங்குவது நல்லது. பிடுங்கிய செடியை வரப்பில் போட்டு விடக் கூடாது.

7. வெள்ளை ஈக் கட்டுப்பாடு: ஈ தென்பட்டதும் ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, பத்து லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து, நூறு லிட்டராக்கித் தெளிக்க வேண்டும். இலையின் அடிப்புறம் நனைய வேண்டும். ஈ மிகுந்தால் மட்டுமே இரசாயன மருந்து. அதையும் ஒரே மருந்தாகத் திரும்பத் திரும்பத் தெளித்தால் ஈ அதற்குப் பழகிவிடும்.

8. ஒன்று சேர்ந்து விதைத்தல்: பக்கத்துப் பக்கத்து வயல்களில் ஒரு மாத இடைவெளியில் உளுந்து இருந்தால், முதிர்ந்த வயலின் ஈக்கள் இளம் வயலுக்குப் பறக்கும். ஒரு வாய்க்காலில் உள்ளவர்கள் பேசி வைத்துக் கொண்டு ஒரு வாரத்துக்குள் விதைத்து முடித்தால் எல்லோருக்கும் நன்மை. தண்ணீருக்கு முறை வைத்துப் பழகிய ஊர்களில் விதைப்புக்கும் முறை வைப்பது பெரிய காரியம் அன்று.

இரகம் தாங்கும் என்று நம்பி மற்றவற்றை விட்டுவிடவும் கூடாது. மதுரை ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், இந்த நச்சுயிரியின் முதல் வளையம் ஒரே வகையாக இருக்க, அதோடு சேரும் இரண்டாம் வளையம் பல வகைகளாக இருப்பது தெரிந்தது. ஜோடி மாறி மாறிச் சேரும் நச்சுயிரி, இன்று தாங்கும் இரகத்தை நாளை மீறவும் கூடும். ஈ குறைவாக இருந்தால் அந்த வாய்ப்பும் குறையும்.

இருபத்தைந்தாம் நாள் வரப்பில் நின்ற உழவரிடம் திரும்புவோம். அன்று அவர் கண்ணில் பட்டவை இரண்டு மூன்று செடிகள்தாம். கடைக்குப் போன நேரத்தில் அவற்றைப் பிடுங்கிப் புதைத்து, இலையின் அடிப்புறத்தைப் பார்த்து, மறுநாள் வேப்பங்கொட்டைச் சாறு தெளித்திருந்தால் செலவு சில மணி நேர உழைப்போடு முடிந்திருக்கும். வயலின் பெரும்பகுதி பச்சையாகவே நின்றிருக்கும். உட்கருவுக்குள் நச்சுயிரி மடையைத் திறந்த பின் அதை மூட உழவரால் இயலாது. அந்த உட்கருவுக்கு அது போய்ச் சேரும் வழியை அடைப்பது அவர் கையில் இருக்கிறது. அடுத்த பட்டத்தில் உளுந்து விதைப்பவர்கள், விதை வாங்கும் நாளிலேயே அந்த வேலையைத் தொடங்கி விட வேண்டும்.